கயானாவின் கிரிக்கெட் அணியும் கரும்புத் தோட்டத்துத் தமிழ்ப் பெயர்களும்

ஆரையம்பதியின் மணற்பரப்பிலே மாலை வேளையில் தென்னை மட்டையைத் துடுப்பாகச் செதுக்கிக்கொண்டு பந்தாடும் சிறுவர்களைக் காணாதார் இலர். கீழைக் கரையில் வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஊர்களில் இஃது அன்றாடக் காட்சி. கடல்கள் பல கடந்து, தென்னமெரிக்கக் கண்டத்தின் வட கரையிலே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஓரமாகக் கிடக்கும் கயானா நாட்டிலும் சிறுவர் இவ்வாறே தென்னை மட்டையால் பந்தாடி வளர்ந்தனர். அவர்களிற் சிலர் பின்னாளில் உலகம் போற்றும் ஆட்டக்காரராயினர். அவர்களுள்ளும் சிலருடைய பெயர்களைக் கேட்கும் தமிழர் ஒரு கணம் திகைத்து நிற்பர். நாகமுத்து, வீராசாமி, பெருமாள் என்பன அப்பெயர்கள். இப்பெயர்கள் அந்த நாட்டுக்குச் சென்றது எவ்வாறு? சென்றவை அந்நாட்டு அணியிலே இடம்பெற எத்துணைக் காலம் ஆயிற்று? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முற்பட்டால், ஒரு விளையாட்டு அணியின் வரலாற்றோடு ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறும் புலனாகும்.

மேற்கிந்திய அணி என்று நாம் வழங்குவது ஒரு நாட்டின் அணி அன்று. யமேக்கா, பார்படோஸ், திரினிடாட், கயானா முதலிய தனித்தனி நாடுகளும் சிறு தீவுகளும் சேர்ந்து அனுப்பும் கூட்டணியே அது. இந்நாடுகளை ஒரே ஆட்சியின் கீழ் இணைப்பதற்கு 1958 ஆம் ஆண்டிலே மேற்கிந்தியக் கூட்டாட்சி என ஒன்று அமைக்கப்பட்டது. அது 1962 ஆம் ஆண்டிலேயே கலைந்துபோயிற்று. அரசியலால் ஒட்ட முடியாதவற்றை ஆட்டம் இன்றளவும் ஒட்டி வைத்திருக்கின்றது. இக்கூட்டணிக்கு ஆட்களை அளிக்கும் பிரதேச அணிகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று கயானா அணி. கயானா தீவு அன்று. கண்டத்தின் பெருநிலத்தைச் சேர்ந்தது. அக்கூட்டாட்சியிலும் அது சேரவில்லை. ஆயினும் கிரிக்கெட்டிலே அது என்றும் மேற்கிந்தியாவின் ஓர் அங்கமாகவே இருந்து வந்துள்ளது.

கரீபியன் பகுதியில் முதன்முதலாக இரு குடியேற்ற நாடுகள் எதிர்த்தாடிய ஆட்டம் 1865 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பார்படோஸிலே நடைபெற்றது. பார்படோஸை எதிர்த்தவர்கள் டெமராரா அணியினர். டெமராரா என்பது பிரித்தானியக் கயானாவின் மூன்று பகுதிகளுள் ஒன்று. ஏனையவை எசக்கிபோவும் பேர்பீசும் ஆகும். அவ்வாட்டத்தில் டெமராரா அணியினர் முதல் முறை 22 ஓட்டங்களுக்கும், இரண்டாம் முறை 38 ஓட்டங்களுக்கும் ஆட்டமிழந்து, 138 ஓட்டங்களால் தோற்றனர். இவ்வாறு தோல்வியிலே பிறந்த அணியே பின்னர்ப் பிரித்தானியக் கயானா அணியாகி, 1966 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆந் திகதி நாடு சுதந்திரம் பெற்றதும் கயானா அணி எனப் பெயர் பெற்றது.

1865 இல் ஆடியவர்கள் யார்? தோட்ட முதலாளிமாரும், அரசாங்க உத்தியோகத்தரும், படையினரும் சார்ந்த வெள்ளையர் கூட்டமே அந்நாளில் இவ்வாட்டத்தைத் தனக்கெனக் கொண்டிருந்தது. தலைநகராகிய ஜோர்ஜ்டவுனில் 1858 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜோர்ஜ்டவுன் கிரிக்கெட் கழகம் அவர்களுடையது. போர்டா என்னும் புகழ்பெற்ற ஆடுகளமும் அக்கழகத்தினுடையதே. ஜோர்ஜ்டவுன் நகரம் கடல் பெருகும் வேளையில் கடல் மட்டத்துக்கும் தாழ்ந்து கிடப்பது. ஒல்லாந்தர் காலந்தொட்டுக் கடற்சுவர்களும், வாய்க்கால்களும், மதகுகளுமே அந்நிலத்தைக் காத்து வருகின்றன. மதகு எப்போது திறக்கப்படும், வெள்ளம் எப்போது வடியும் என்று வாவிக்கரையில் வானத்தையும் நீரையும் பார்த்திருக்கும் உழவர்க்கு அந்நிலத்தின் இயல்பை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

அந்நிலத்தில் விளைந்தது கரும்பு. கரும்பை வளர்த்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1834 ஆம் ஆண்டிலே அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1838 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி அவர்கள் முழு விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றோர் பழைய எசமானருக்குப் பழைய கூலிக்கு உழைக்க உடன்படவில்லை. அவர்களுடைய இடத்தை நிரப்புவதற்குத் தோட்ட முதலாளிமார் கண்ட வழியே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வருவித்தல். அதே 1838 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆந் திகதி, 'விற்பி', 'ஹெஸ்பரஸ்' என்னும் இரு கப்பல்களில் முதற் கூட்டத்தினர் கயானாவில் இறங்கினர். அவர்கள் 396 பேர். 1917 ஆம் ஆண்டிலே இம்முறை நிறுத்தப்படும் வரை ஏறக்குறைய 2,39,000 பேர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர்.

இவர்களிற் பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறிய வட இந்தியர். சென்னைத் துறைமுகத்திலிருந்து 1845 ஆம் ஆண்டு முதலாகச் சென்றவர்கள் ஏறக்குறைய 15,000 பேரே. தமிழரும் தெலுங்கரும் கலந்த அக்கூட்டத்தினரை அந்நாட்டினர் 'மதராசி' என்று அழைத்தனர். எண்ணிக்கையிற் சிறியராகிய அவர்கள், பேர்பீசின் கொரன்டைன் கரையோரத் தோட்டங்களிலே தம் குலமரபுகளைக் காத்து வாழ்ந்தனர். காலப்போக்கில் தமிழ் மொழி அவர்கள் நாவிலிருந்து மறைந்தது. ஆங்கிலம் கலந்த நாட்டு வழக்கே தாய்மொழியாயிற்று. ஆயினும் மாரியம்மனையும் காளியையும் அவர்கள் மறக்கவில்லை. கோயில் விழாக்களில் இன்றும் அங்கே முழங்கும் தோற்கருவியின் பெயர் தப்பு. கண்ணகை வழக்குரையும் அம்மன் சடங்கும் நிகழும் மட்டக்களப்பு மண்ணில் பிறந்தோர் அந்த முழக்கத்தைக் கேட்டால், அதனை அந்நியமென்று கருதமாட்டார். கோயிலோடு நிலைத்து நின்ற இன்னொன்று பெயர். மொழி தெரியாத பேரர்களும் முத்து என்றும், சாமி என்றும், பெருமாள் என்றும் ஆங்கில எழுத்திலே கையெழுத்திட்டு வருகின்றனர்.

ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்குத் தாயகம் திரும்பும் கப்பற்பயணத்துக்கு ஈடாகச் சில காலங்களில் நிலம் வழங்கப்பட்டது. அந்நிலத்தில் அவர்கள் நெல்லை விதைத்தனர். கயானா நெல் ஏற்றுமதி செய்யும் நாடாக உயர்ந்தது இவ்வுழவர்களின் முயற்சியாலேயே. வயல் வந்தது, வீடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, அதன் பின்னரே ஆட்டத்துக்கு ஓய்வும் வந்தது.

ஆட்டம் வந்தபோதும் வாசல் திறந்திருக்கவில்லை. தலைநகரிலே ஒவ்வோர் இனத்தாரும் தத்தமக்கெனத் தனித்தனிக் கழகம் அமைத்துக்கொண்ட காலம் அது. வெள்ளையருக்கு ஒன்று, போர்த்துக்கேயருக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று என அவை பிரிந்து நின்றன. இந்தியருக்கென 1914 ஆம் ஆண்டிலே கிழக்கிந்தியர் கிரிக்கெட் கழகம் தோன்றியது. இன்று எவரெஸ்ட் கழகம் என விளங்குவது அதுவே. அக்கழகத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றவர் வீராசாமி என்னும் சட்டத்தரணி. அக்கழகத்தின் முதல் ஏட்டிலே ஒரு தமிழ்ப் பெயர் இருப்பது குறிக்கத்தக்கது. எனினும் நகரத்திலே கற்றோர் சிலர் கழகம் அமைத்தது ஒருபுறமிருக்க, தோட்டங்களிலே கூலி வரிசை வீடுகளில் வாழ்ந்த பல்லாயிரவரின் பிள்ளைகளுக்குப் போர்டா ஆடுகளம் எட்டாத் தூரத்திலேயே இருந்தது. பேர்பீசிலிருந்து தலைநகர் செல்ல இரயிலும் ஓடமும் மாறிச் செல்லவேண்டும். சென்றாலும் தேர்வாளர் கண்ணிற் படுவது அரிது.

இதற்கிடையில் மேற்கிந்திய அணி 1928 ஆம் ஆண்டிலே இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. அதன் முதல் வெற்றி 1930 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இதே போர்டா மைதானத்தில், இங்கிலாந்துக்கெதிராகக் கிடைத்தது. யமேக்காவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹெட்லி அவ்வாட்டத்தின் இரு இன்னிங்ஸ்களிலும் சதமடித்தார். ஆயினும் அணித் தலைமை வெள்ளையருக்கே உரியதென்னும் வழக்கம் நீடித்தது. ஒரு முழுத் தொடருக்கும் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமை தாங்கியது 1960 ஆம் ஆண்டிலேயே; அவர் பிராங்க் வொரல். இந்திய வம்சத்தவர் ஒருவர் மேற்கிந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியதும் 1950 ஆம் ஆண்டிலேதான். திரினிடாட்டின் கரும்புத் தோட்டப் பகுதியிற் பிறந்த சொனி ராமதீனே அவர். அவ்வாண்டு லோர்ட்ஸிலே அவர் தம் சுழற்பந்தினால் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, மேற்கிந்தியா இங்கிலாந்து மண்ணில் முதன்முறை வென்றது. முதல் இந்தியர் கப்பலிறங்கிய நாளுக்கும் இதற்கும் இடையே கழிந்த ஆண்டுகள் நூற்றுப் பன்னிரண்டு.

கயானா அணியின் திருப்பம் பேர்பீசிலுள்ள போர்ட் மூரண்ட் என்னும் ஒரே ஒரு தோட்டத்திலே தொடங்கியது. பரப்பிற் சிறிய அவ்வூர் தந்த ஆட்டக்காரரின் வரிசை வியப்புக்குரியது. ஆபிரிக்க வம்சத்தவராகிய ஜோன் ட்ரிம் என்னும் வேகப்பந்து வீச்சாளர் 1948 ஆம் ஆண்டிலே மேற்கிந்திய அணியிற் சேர்ந்து வழி திறந்தார். அவரைத் தொடர்ந்து ரோகன் கன்ஹாய், பசில் பட்சர், ஜோ சொலமன், அல்வின் காளிச்சரண் ஆகியோர் அவ்வூரிலிருந்தே வந்தனர். 1954 ஆம் ஆண்டில் பார்படோஸின் பெரும் துடுப்பாட்டக்காரர் கிளைட் வோல்கொட், சீனி உற்பத்தியாளர் சங்கத்தின் கிரிக்கெட் அமைப்பாளராகக் கயானாவுக்கு வந்தமை இதற்குப் பெருந்துணையாயிற்று. அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று ஆடுகளங்களை ஒழுங்கு செய்தார், போட்டிகளை அமைத்தார், திறமையுள்ள இளைஞரைத் தலைநகரின் பார்வைக்குக் கொண்டுவந்தார். முதலாளிமார் சங்கம் இதற்குப் பணம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. 1948 ஆம் ஆண்டு ஜூன் மாதம் என்மோர் தோட்டத்திலே வேலைநிறுத்தம் செய்தோரில் ஐவர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். 1953 ஆம் ஆண்டிலே, போர்ட் மூரண்டிற் பிறந்த செடி ஜெகனின் தலைமையில் மக்கள் தெரிவுசெய்த அரசாங்கத்தைப் பிரித்தானியா 133 நாட்களில் நீக்கி, அரசியலமைப்பையும் இடைநிறுத்தியது. கொதித்துக்கொண்டிருந்த தோட்டங்களில் மனக்குறையைத் தணிக்க விரும்பியோருக்கு ஆடுகளமும் ஒரு கருவியாகத் தோன்றியது. அவர்கள் எண்ணம் எதுவாயினும், திறந்த வாசலின் வழியே உள்ளே புகுந்த இளைஞர்கள் மீண்டும் வெளியே தள்ளப்படவில்லை.

1956 ஆம் ஆண்டு போர்டாவில் நடைபெற்ற நாற்புறப் போட்டியிலே பிரித்தானியக் கயானா வாகை சூடியது. கன்ஹாயும், பட்சரும், சொலமனும் அவ்வணியில் இருந்தனர். சொலமன் தம் முதல்தர ஆட்டங்களின் முதல் மூன்று இன்னிங்ஸ்களிலும் சதமடித்தார். கன்ஹாய் 1957 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே டெஸ்ட் ஆட்டத்திற் புகுந்தார். அடுத்து 1958-59 ஆம் ஆண்டுகளில் மேற்கிந்தியர் இந்தியாவுக்கு வந்தபோது கல்கத்தாவிலே அவர் 256 ஓட்டங்களைக் குவித்தார். கூலிக் கப்பல்கள் புறப்பட்ட அதே நகரத்திலே, கப்பலேறியோரின் வழித்தோன்றல் ஒருவர் இவ்வாறு வரவேற்கப்பட்டார். 1960 ஆம் ஆண்டு டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலே, டெஸ்ட் வரலாற்றில் முதன்முறையாக ஓர் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கடைசி விக்கெட்டை நேராக எறிந்து வீழ்த்தியவர் ஜோ சொலமன். குறி வைப்பதற்கு ஒரே ஒரு தடி மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிந்ததென்பர்.

மைதானத்திலே இவ்வொற்றுமை நிலவிய அதே ஆண்டுகளில் நாட்டினுள்ளே வேற்றுமை தீயாக மூண்டது. 1962 முதல் 1964 வரை கயானாவிலே ஆபிரிக்க வம்சத்தாருக்கும் இந்திய வம்சத்தாருக்கும் இடையே கலகங்கள் நிகழ்ந்தன, வீடுகள் எரிந்தன, உயிர்கள் மடிந்தன, கலந்து வாழ்ந்த ஊர்கள் பிரிந்து தனித்தனி இனத்தவர் ஊர்களாயின. அக்காலத்திலும் அணி பிரியவில்லை. ஆபிரிக்க வம்சத்தவராகிய லான்ஸ் கிப்ஸ் சுழற்பந்து வீச, இந்திய வம்சத்தவராகிய கன்ஹாய் அவர் பக்கத்தே நின்று பந்தைப் பிடித்தார். கிப்ஸ் மொத்தம் 309 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தி, 1976 ஆம் ஆண்டிலே உலக சாதனையோடு ஓய்வு பெற்றார். கலகத்தை ஆட்டம் நிறுத்திவிட்டதென்று கூறுவது மிகை. அயலவனோடு பேச அஞ்சிய மக்களும் மாலையில் வானொலியின் முன் அமர்ந்து ஒரே அணியின் ஓட்ட எண்ணிக்கையைக் கேட்டனர் என்பதே உண்மை. இனப்பூசலின் வெம்மையை அறிந்த நாட்டினருக்கு இச்சிறு உண்மையின் பெறுமதி நன்கு விளங்கும்.

1972 ஆம் ஆண்டிலே போர்டாவில் நியூசிலாந்துக்கெதிரே காளிச்சரண் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 100 ஓட்டங்கள் பெற்றார். ஓராண்டினுள் கன்ஹாய் மேற்கிந்திய அணியின் தலைவரானார். பின்னர் காளிச்சரணும் அப்பதவியை வகித்தார். 1972-73 ஆம் ஆண்டிலே கயானா அணி, ஷெல் கேடயம் என்னும் பிரதேசப் போட்டியில் முதன்முறை வென்றது. 1975 ஆம் ஆண்டு முதலாவது உலகக் கிண்ணத்தை மேற்கிந்தியா வென்றபோது, இறுதி ஆட்டத்தின் பதினொருவரில் நால்வர் கயானாவினர். ரோய் பிரெடரிக்ஸ், காளிச்சரண், கன்ஹாய், தலைவர் கிளைவ் லொயிட் ஆகியோரே அவர்கள். அவ்வாட்டத்தில் லொயிட் 102 ஓட்டங்களும், தலைநரைத்த கன்ஹாய் 55 ஓட்டங்களும் பெற்றனர். 1994 ஆம் ஆண்டு அணியிற் புகுந்த சிவ்நாராயண் சந்தர்போல் 164 டெஸ்ட் ஆட்டங்களில் 11,867 ஓட்டங்களைச் சேர்த்தார்.

இவ்வரிசையிலே தமிழ்ப் பெயர் தாங்கியோர் யாவர்? பேர்பீசின் விம் கிராமத்திலே பிறந்த மகேந்திர நாகமுத்து, காளிச்சரணின் மருமகன் முறையினர். சுழற்பந்து வீச்சாளராகிய இவர் 2000 ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கெதிராக ஆடி, ஐந்து டெஸ்ட் ஆட்டங்களில் இடம்பெற்றார். அதே கிராமத்து மதராசிகளின் வாழ்வை நூலாக எழுதிய மோசஸ் நாகமுத்து 2015 ஆம் ஆண்டு முதல் 2020 ஆம் ஆண்டு வரை கயானாவின் பிரதம மந்திரியாக விளங்கினார். அடுத்து வந்தவர் வீராசாமி பெருமாள். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராகிய இவர் 2012 ஆம் ஆண்டு வங்காளதேசத்திலே தம் முதல் டெஸ்ட்டை ஆடினார். கயானா அணி 2014-15 ஆம் ஆண்டு முதல் 2018-19 ஆம் ஆண்டு வரை தொடர்ந்து ஐந்து முறை பிரதேசச் சம்பியனாக விளங்கிய காலத்தில், அவ்வணியின் பந்துவீச்சுக்குத் தூணாக நின்றவர்களுள் இவரும் ஒருவர்.

அணியின் கதவு இன்னும் புதியோருக்காகத் திறந்தே இருக்கின்றது. பேர்பீசின் கன்ஜே ஆற்றங்கரையிலுள்ள பராகரா, படகினாலன்றிச் சென்றடைய இயலாத ஒரு சிற்றூர். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியோர் அமைத்த குடியிருப்பின் வழிவந்தது. அங்கே பிறந்த ஷமார் ஜோசப், 2024 ஆம் ஆண்டு சனவரியில் பிரிஸ்பேனிலே காயமுற்ற காலோடு பந்துவீசி, 68 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மேற்கிந்தியா 8 ஓட்டங்களால் வென்றது. 2014 ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை ஓடத்துறையிற் காத்து நின்று படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையே போய்வந்த மக்களுக்கு, ஆற்றைக் கடந்துவந்த அவ்விளைஞனின் பாதை எத்தகையது என்பது சொல்லாமலே புரியும்.

ஈண்டு இன்னொரு செய்தியையும் கூறுதல் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரை ஏற்றிய கப்பல்கள் கயானாவுக்கு மட்டும் செல்லவில்லை. நேற்றால், மொரீசியசு, பீஜி ஆகிய நாடுகளுக்கும் அவை சென்றன. இலங்கை மலைநாட்டுக்கோ தொழிலாளர் தோணியேறியும் காட்டுவழி நடந்தும் வந்து, முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் வளர்த்தனர். அம்மரபில் வந்த கண்டித் தமிழ்க் குடும்பமொன்றிலே பிறந்த முத்தையா முரளிதரன், 2010 ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலி மைதானத்தில் தம் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார். அவ்வெண்ணிக்கையை வேறெவரும் எட்டியதில்லை. அதே காலி மைதானத்தில் 2021 ஆம் ஆண்டின் இறுதியிலே, ஆறாண்டுகளுக்குப் பின் மேற்கிந்திய அணிக்குத் திரும்பிய வீராசாமி பெருமாள் இலங்கையை எதிர்த்துப் பந்துவீசி, 35 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆட்டத்தை இலங்கை வென்றது. ஆயினும் அன்று அந்த மைதானத்தின் அறிவிப்புப் பலகையிலே எழுதப்பட்டிருந்த பெயரை அயலவன் பெயரென்று எந்தத் தமிழ்ச் செவியும் கொண்டிராது.

ஒருவர் தேயிலை மலையின் மரபினர்; மற்றவர் கரும்புக் காட்டின் மரபினர். ஒருவர் தமிழ் பேசுவார். மற்றவரின் முன்னோர் நாட்டில் அம்மொழி மறைந்து தலைமுறைகள் கடந்துவிட்டன. கங்காணியின் பேரேட்டிலும் கப்பல் தலைவனின் பட்டியலிலும் முன்னோரின் பெயர்கள் வெறும் இலக்கங்களின் பக்கத்தே எழுதப்பட்டன. பிழைபட எழுதப்பட்ட அப்பெயர்களை வழித்தோன்றல்கள் மாற்றிக்கொள்ளாது வைத்திருந்தனர். கூலிக் கணக்கிலே எழுதப்பட்ட பெயர் இன்று ஓட்டக் கணக்கிலே எழுதப்படுகின்றது. கயானா அணியின் வரலாற்றைக் கற்கும் மாணவர், வெற்றி தோல்விகளை எண்ணுவதோடு அமையாது, அப்பெயர்ப் பட்டியலையும் ஒருமுறை மேலிருந்து கீழாக வாசித்தல் நன்று. ஆபிரிக்காவின் பெயரும், கங்கைக் கரையின் பெயரும், காவிரிக் கரையின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக அங்கே நிற்கக் காணலாம்.